பத்திரிகையைப் படித்துவிட்டுப் பீரோவைத் திறங்கள்

கல்யாணப் பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் எங்கள் பக்கத்துப் பெண்களில் பெரும்பாலோர் முதலில் பீரோவைத்தான் திறக்கிறார்கள். நான் அதற்கு முன்பு அந்தப் பத்திரிகையை இன்னொரு முறை நிதானமாகப் படிப்பேன். முகூர்த்தம் எத்தனை மணிக்கு, எந்த ஊரில், கோயிலிலா மண்டபத்திலா, முந்தைய நாள் மாலை வரவேற்பு உண்டா, அழைப்பவர் நமக்கு என்ன முறை என்பவையெல்லாம் அதில் இருக்கின்றன; எந்தப் புடவை, எவ்வளவு நகை, எந்தச் செருப்பு என்ற கேள்விகளுக்கு முக்கால் பங்கு பதில் அங்கேயே கிடைத்துவிடும். நான் காட்பாடியில் குடியிருக்கிறேன். பிறந்த வீட்டு உறவெல்லாம் ஆரணியிலும், புகுந்த வீட்டு உறவெல்லாம் குடியாத்தத்திலும் இருப்பதாலும், பள்ளியில் உடன் பணிபுரியும் ஆசிரியைகள் ஆம்பூரிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் வருவதாலும், ஆடியும் புரட்டாசியும் மார்கழியும் போக மற்ற மாதங்களில் ஏதாவது ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டேதான் இருக்கிறேன். விருந்தாளியாகப் போகிறவர் அங்கே இருக்கப்போகும் ஐந்தாறு மணி நேரத்தில் என்னென்ன செய்யப்போகிறார் என்பதை வைத்து உடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இத்தனை கல்யாணங்களுக்குப் பிறகு எனக்குள் உறுதிப்பட்ட எண்ணம்.

நேரத்திலிருந்தே தொடங்குகிறேன். தை, மாசி மாதங்களில் நாலரை முதல் ஆறு மணிக்குள் முகூர்த்தம் என்றால், பாலாற்றுப் பக்கம் பனி இறங்கியிருக்கும். கனமான பட்டு அப்போது உடம்புக்கு இதமாகவே இருக்கும். அந்த முகூர்த்தத்துக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. வீட்டில் கிடைக்கும் அவகாசம்தான் குறைவு. விடியற்காலை மூன்று மணிக்குக் குனிந்து நமக்குக் கொசுவம் நீவிவிட யாரும் விழித்திருக்கமாட்டார்கள். ஆகவே முந்தைய இரவே கொசுவத்தையும் முந்தியையும் மடித்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டி வைத்துவிடுவது நல்லது. இப்போது இதைக் கூலிக்குச் செய்து கொடுப்பவர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் கட்டி முடித்து வீட்டுக்கு வந்ததும் அந்த மடிப்புகளைப் பிரித்துவிட வேண்டும். அடுத்த கல்யாணத்துக்கு உதவும் என்று அப்படியே பீரோவில் வைத்தால், இஸ்திரி போட்ட மடிப்பு விழுந்த இடத்தில் பட்டு இற்றுப்போகும்.

வைகாசி முகூர்த்தம் முற்றிலும் வேறு. மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம். வேலூரில் அந்த நாட்களில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஒன்பது முதல் பத்தரைக்குள் முகூர்த்தம், குளிர்சாதன வசதி இல்லாத மண்டபம், மேடைக்கு அருகில் ஓமப்புகை என்று மூன்றும் சேர்ந்துவிட்டால், சரிகை நிறைந்த காஞ்சிபுரம் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் தாலி கட்டும் நேரத்தில் மேடையைப் பார்க்காமல் மின்விசிறி எங்கே என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காஞ்சிபுரம் பட்டில் இழைகளை முறுக்கிச் சேர்த்து நெய்வதாலும், உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து கோர்வையில் இணைப்பதாலும் அதற்கு அந்தக் கம்பீரமும் உழைப்பும் வருகின்றன. கனமும் அதனாலேயே வருகிறது. சரிகை அதிகமானால் ஒரு புடவை முக்கால் கிலோவைக்கூடத் தாண்டும். மணப்பெண்ணின் கூறைக்கும், பெண்ணைப் பெற்றவளின் புடவைக்கும் அந்தக் கனம் பொருந்தும். விருந்தாளிக்கு வெயில் காலத்தில் அது தேவையில்லை.

அந்த மாதங்களுக்கு நான் நம்புவது ஆரணிப் பட்டு. 1989இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்தபோது ஆரணி திருவண்ணாமலையோடு போய்விட்டது என்றாலும், பட்டு எடுக்க வேண்டுமென்றால் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் இன்றும் தெற்கே ஆரணிக்குத்தான் பஸ் ஏறுகின்றன. ஆரணி, சேவூர், தேவிகாபுரம் பக்கத்துத் தறிகளில் நெய்யப்படும் புடவைகளுள் மெல்லிய கரை வைத்தவை கையில் எடுத்தாலே லேசாக இருக்கும். கொசுவம் உப்பாமல் படியும். விலையிலும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும். புவிசார் குறியீடு பெற்ற பட்டு அது. பிறந்த ஊர்ப் பாசத்தால் மட்டும் இதைச் சொல்லவில்லை. இரண்டு வகையையும் ஒரே கோடையில் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

எங்கே வாங்கினாலும் இரண்டு விஷயங்களைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள். ஒன்று, அசல் பட்டு என்பதற்குச் சான்றாக மத்தியப் பட்டு வாரியம் 2004 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கும் சில்க் மார்க் அட்டை. மற்றொன்று சரிகை. அசல் சரிகையில் நடுவே பட்டு நூலும், அதைச் சுற்றி வெள்ளிக் கம்பியும், அதன்மேல் தங்க முலாமும் இருக்கும். உள்நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றியிருப்பதால், ஓரத்தில் தொங்கும் சரிகை இழையை நகத்தால் சுரண்டினால் சிவப்பு தெரியும். விருந்தாளியாகக் கட்டும் புடவைக்கு அசல் சரிகைதான் வேண்டும் என்று கடன் வாங்கத் தேவையில்லை. பாதிச் சரிகை என்று தெரிந்தே, அதற்குரிய விலையைக் கொடுத்து வாங்கினால் போதும். நிறத்தைக் கடையின் மஞ்சள் விளக்கில் முடிவு செய்யாமல், புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். நல்ல கடைக்காரர்கள் அதற்கு மறுப்புச் சொல்வதில்லை.

என் ஆயா, அதாவது பாட்டி, ஒரு பழக்கம் வைத்திருந்தார். பெண்கள் புடவை கட்டி முடித்து வாசலுக்கு வந்ததும், "ஒருவாட்டி குந்தி எழுந்து பாரும்மா, அப்புறம் போவலாம்" என்பார். அப்போது பந்தி என்றால் தரையில் பாய் விரித்த பந்தி. இப்போது மேசை, நாற்காலி வந்துவிட்டாலும் அந்தச் சோதனையை நான் விடவில்லை. எங்கள் வீட்டுப் பெண்களையும் விடச் சொல்வதில்லை. குந்தி எழும்போது கொசுவம் முன்பக்கம் இழுபட்டால் பாவாடை நாடா தளர்வாக இருக்கிறது என்று பொருள். ரவிக்கை முதுகில் பிடித்தால் கையைத் தூக்கி அட்சதை போட முடியாது. முந்தி தோளிலிருந்து நழுவினால் பின் குத்திய இடம் சரியில்லை. மூன்றையும் வீட்டிலேயே பார்த்துவிட்டால், மண்டபத்தில் ஓரமாக ஒதுங்கிச் சரி செய்ய இடம் தேட வேண்டியிருக்காது.

பின் குத்துவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நல்ல புடவைகள் பல, கட்டிய இடத்தில் நைந்து வீணாவதைவிடப் பின் குத்திய இடத்தில் கிழிந்துதான் வீணாகின்றன. ஊக்கை நேரடியாகப் பட்டில் குத்தினால், முந்தியின் எடை முழுவதும் அந்த ஒரு துளையில் இறங்கும். மாலைக்குள் துளை நீண்டு கோடாகிவிடும். ஊக்கின் கம்பியில் முதலில் ஒரு சிறிய பாசிமணியைக் கோத்துக்கொண்டு பிறகு குத்தினால், ஊக்கின் சுருள் முனையில் பட்டு இழை சிக்குவதில்லை. குத்தும்போது மேல் மடிப்பில் மட்டும் குத்தாமல், முந்தியின் எல்லா மடிப்புகளையும் ரவிக்கையின் தோள் தையலையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். தையல் இருக்கும் இடம் துணி இரட்டிப்பாக இருப்பதால் அது எடையைத் தாங்கும். சரிகைக் கரையில் ஊக்கே வேண்டாம். கரைக்கு உள்ளே ஒரு விரல் தள்ளிக் குத்துங்கள்.

பாவாடை பருத்தியில் இருக்கட்டும். சாட்டின் பாவாடையின் வழவழப்பில் பட்டு நிற்காமல் இறங்கும், வியர்வையும் உறிஞ்சப்படாது. ரவிக்கைக்குள் வைக்கும் லைனிங் துணிக்கும் இதே விதிதான். இப்போது ஆரி வேலை செய்த ரவிக்கை இல்லாமல் கல்யாணமே இல்லை என்ற நிலை வந்திருக்கிறது. கைப்பகுதியிலும் முதுகிலும் ஆரி வேலை வைத்துக்கொள்வதில் தவறில்லை. இடது தோளின் மேல்புறத்தில் மட்டும் கல்லும் குந்தனும் வேண்டாம் என்று தையற்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் முந்தி நாள் முழுவதும் உரசிக்கொண்டிருப்பது அந்த இடத்தில்தான். பக்கத் தையலில் இருபுறமும் ஓர் அங்குலம் உள்துணி விடச் சொல்வதும் முக்கியம். முகூர்த்த மாதம் தொடங்கிவிட்டால் எந்தத் தையற்காரரிடமும் அவசரத்துக்கு இடம் கிடைக்காது. பத்திரிகை வருவதற்கு முன்பே, நிச்சயதார்த்தம் முடிந்த செய்தி வந்ததுமே ரவிக்கைத் துணியைக் கொடுத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

செருப்பு விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வீட்டில் குதிகால் உயர்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு அதற்குத் தகுந்தாற்போலப் புடவையை இறக்கிக் கட்டுகிறோம். முகூர்த்த மேடையில் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிடுகிறோம். உடனே இரண்டு அங்குலப் புடவை தரையில் புரளும். ஆசீர்வாதம் செய்ய வரிசையில் நிற்கும்போது பின்னால் வருபவர் அதை மிதிப்பார், கொசுவம் மொத்தமும் பிரிந்து கையோடு வரும். முகூர்த்தத்துக்குப் போவதாக இருந்தால் வெறுங்காலுக்கு அளவெடுத்துக் கட்டி, தட்டையான செருப்பு போடுங்கள். விரிஞ்சிபுரம், ரத்தினகிரி, வள்ளிமலை போன்ற கோயில்களில் நடக்கும் கல்யாணம் என்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். கோடையில் காலை பத்து மணிக்கே கல்தளம் காலைச் சுடும், படி ஏறவும் இறங்கவும் வேண்டியிருக்கும், ஆகவே கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும்படிதான் கட்ட வேண்டும். பக்கிள் வைத்த செருப்பையும் தவிர்த்துவிடலாம். பட்டுப் புடவையோடு குனிந்து பக்கிளை அவிழ்ப்பது சிரமம். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் தோலுக்குப் பெயர் பெற்ற ஊர்கள். காலை நுழைத்துப் போட்டுக்கொள்ளும் நல்ல தோல் செருப்பு ஒன்று எங்கள் பக்கத்தில் எளிதாகவே கிடைக்கும்.

அழைப்பவர் நமக்கு என்ன முறை என்பது நகையையும் நிறத்தையும் தீர்மானிக்கிறது. நாத்தனார் முறையில் போகிறவர் தட்டு எடுக்க வேண்டும், சடங்குகளில் முன்னே நிற்க வேண்டும், எல்லாப் புகைப்படங்களிலும் இருப்பார். அவர் அழுத்தமான நிறத்தில், நல்ல கரை வைத்த பட்டில் இருப்பதுதான் அந்த வீட்டுக்கு மரியாதை. அலுவலகத் தோழியின் மகள் கல்யாணத்துக்குப் போகிறவர் அதே அளவுக்கு நகை போட்டுப் போவது அவசியமே இல்லை. என் கணவரின் தங்கை ஒருமுறை தன் மாமியார் வழிக் கல்யாணத்துக்குக் கிளம்பும் முன்பு, "அண்ணி, பொண்ணுக்கு அரக்குதான் எடுத்திருக்காங்களாம், நானும் அரக்கே கட்டிக்கவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மயில்கழுத்து நிறத்தில் அவளிடமே ஒன்று இருந்தது, அதைக் கட்டிக்கொண்டாள். பெண்வீட்டாரிடம் கூறையின் நிறத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சமே வேண்டாம். கேட்டால் மகிழ்ச்சியோடுதான் சொல்வார்கள். கறுப்பையும் தனி வெள்ளையையும் முகூர்த்தத்துக்குத் தவிர்ப்பது இங்கே இன்றும் பெரியவர்கள் எதிர்பார்க்கும் வழக்கம். நம்முடைய நம்பிக்கை எதுவாக இருந்தாலும், அந்த வீட்டுப் பெரியவர்களின் மனம் அன்று ஒரு நொடிகூடச் சுருங்கக் கூடாது என்பதற்காகவே அதை நான் கடைப்பிடிக்கிறேன்.

ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, ஜடைநாகம் ஆகியவற்றை மணப்பெண்ணுக்கே விட்டுவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. விருந்தாளிக்குக் கழுத்தை ஒட்டிய அட்டிகை ஒன்றோ நீண்ட ஆரம் ஒன்றோ போதும்; கரை அகலமாக இருந்தால் ஆரம் அதில் மறைந்துவிடும் என்பதால் அட்டிகையும், புடவை எளிமையாக இருந்தால் கெம்பு பதித்த ஆரமும் எடுபடும். ஜிமிக்கி கனமாக இருந்தால் மாட்டல் போட்டுக்கொள்ளுங்கள். காது தொங்காது, தலைவலியும் வராது. கிளம்பும் முன்பு தோட்டின் திருகைக் கையால் இறுக்கிப் பார்ப்பதும், வளையலின் விளிம்பைச் சரிகையில் மெதுவாக உரசிப் பார்ப்பதும் அரை நிமிட வேலை. வெட்டு வேலைப்பாடு கூர்மையாக உள்ள வளையல் ஒரு நாளில் கொசுவம் முழுவதும் இழை இழுத்துவிடும். கவரிங் நகை போடுவதில் எந்தக் குறைவும் இல்லை. பஸ்ஸில் ராத்திரி திரும்ப வேண்டிய கல்யாணத்துக்கு நான் அதைத்தான் போடுகிறேன். அதன் அடியில் இருப்பது பெரும்பாலும் செம்பு என்பதால் வியர்வை பட்டுக் கழுத்தில் பச்சை படியும். உடம்பில் படும் பக்கத்தில் மட்டும் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சுப் பூசிக் காயவைத்தால் அந்த ஒரு நாளுக்குத் தாங்கும். சென்ட் அடிப்பதாக இருந்தால் புடவை கட்டுவதற்கு முன்பே அடித்துவிட வேண்டும். சரிகையில் பட்டால் கறுக்கும், முத்தில் பட்டால் பளபளப்புப் போகும்.

வேலூரில் இருப்பவர்களுக்கு மாதா கோயில் கல்யாணமும் நிக்காஹ்வும் ஆண்டுதோறும் வரும். தேவாலயத்தில் மணப்பெண் வெள்ளையிலோ சந்தன நிறத்திலோ பட்டுடுத்தி வருவது வழக்கம் என்பதால், அந்த இரண்டு நிறங்களும் நமக்கு வேண்டாம்; ஜெபத்தின்போது முந்தியைத் தலைமேல் இழுத்துக்கொள்ளும் அளவுக்கு நீளமாக விட்டுக் கட்டுவது நல்லது. நிக்காஹ் வீட்டுக்குப் போகும்போது முழங்கையைத் தாண்டும் கை வைத்த ரவிக்கையும், தலையை மூடக்கூடிய முந்தியும் இருந்தால் நமக்கும் சங்கடமில்லை, அவர்களுக்கும் இல்லை. பெண்கள் தனியாக அமர்ந்திருக்கும் கூடத்தில் நிறத்துக்கோ ஜொலிப்புக்கோ தடையே இருக்காது. ஆம்பூர்த் தோழியின் வீட்டுக் கல்யாணங்களில் நான் கண்ட நிறங்களை வேறெங்கும் கண்டதில்லை. பிரியாணியும் எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காயும் வரும் அந்த விருந்துக்கு வெளிர் நிறப் பட்டு மட்டும் வேண்டாம்.

வரவேற்பு என்பது விளக்குகளின் விசேஷம். மேடையில் கேமராவுக்காக வைக்கும் வெள்ளை விளக்கில் வெங்காயத்தோல், மாந்துளிர் போன்ற மென்மையான நிறங்கள் வெளுத்துப்போகும். வாடாமல்லி, கத்தரிப்பூ, இலைப்பச்சை, ஆழ்ந்த நீலம் ஆகியவை நிற்கும். மாலை நேரம் என்பதாலும் நின்று பேசும் நேரமே அதிகம் என்பதாலும், சாஃப்ட் சில்க்கோ இளம்பெண்களுக்குச் சுடிதாரோ அன்றைக்குப் பொருத்தம்.

கைப்பையைத் தோளில் மாட்டும் வகையில் எடுத்துக்கொள்ளுங்கள். மொய்க் கவரைக் கொடுக்கவும், அட்சதை வாங்கவும், தேங்காயோடு தாம்பூலப் பையை வாங்கிக்கொள்ளவும், இடையில் யாராவது கையில் கொடுக்கும் குழந்தையைத் தூக்கவும் இரண்டு கையும் வேண்டும். கையில் பிடித்துக்கொள்ளும் பர்ஸ் அன்று சுமைதான். என் தோள்பைக்குள் ஊக்கு நான்கு, ஊசி நூல், ஒரு பருத்திக் கைக்குட்டை, சிறிய பொட்டலத்தில் முகப்பவுடர் ஆகியவை என்னிடம் எப்போதும் இருக்கும். பூவை முந்தைய நாளே வாங்கி ஈரத் துணியில் சுற்றி வைத்துவிட்டால் முகூர்த்த நாள் விலை நம்மைத் தொடாது. ஆனால் ஈரம் சொட்டும் சரத்தைப் பட்டு ரவிக்கை மேல் தொங்கவிட்டால் நீர்த்தடம் விழும், உதறிவிட்டுத்தான் வைக்க வேண்டும். ஆண்களுக்குச் சொல்ல அதிகமில்லை. வேட்டி கட்டிப் பழக்கமில்லாதவர்கள் நாலு முழத்தை விட்டுவிட்டு எட்டு முழம் கட்டட்டும், அடியில் பெல்ட் போடட்டும், சட்டைப் பையில் பேனாவை வைத்துக்கொண்டு பந்திக்கு உட்கார வேண்டாம்.

கறையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வாசலில் பன்னீர் தெளிப்பவரிடம் உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொண்டால் பட்டில் புள்ளி விழாது. பந்தியில் உட்கார்ந்ததும் முந்தியை முன்னால் சுற்றி இடுப்பில் செருகிவிட வேண்டும். இலையில் ரசம் நம் பக்கமாக ஓடும்போது முதலில் நனைவது மடியில் கிடக்கும் முந்திதான். நெய்யோ எண்ணெயோ பட்டுவிட்டால் தேய்க்காமல், கைக்குட்டையால் ஒற்றி எடுத்து முகப்பவுடரைத் தூவி விட்டுவிடுங்கள். அது எண்ணெயை இழுத்துக்கொள்ளும், வீட்டுக்கு வந்து தட்டிவிடலாம். அட்சதையின் மஞ்சள் பட்ட இடத்தில் பதறிப்போய் சோப்பு போடக் கூடாது. சோப்பின் காரம் பட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறிவிடும், பார்ப்பவருக்குப் பயம்தான் வரும். காய்ந்த அரிசியை உதறிவிட்டு, உலர்சலவைக் கடையில் கொடுக்கும்போது கறை எங்கே, எதனால் என்று சொல்லிக் கொடுத்தால் பெரும்பாலும் போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் புடவையை அவிழ்த்து உடனே மடித்து வைக்காமல், வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் ஓரிரவு விரித்துப் போட்டு வியர்வை ஈரம் காய விடுங்கள். பிறகு சரிகை உட்புறம் இருக்கும்படி மடித்து, பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், அந்துருண்டை சரிகையில் நேரடியாகப் படவும் வேண்டாம். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து, பழைய மடிப்பிலேயே மடிக்காமல் இடம் மாற்றி மடித்து வைத்தால், அடுத்த பத்திரிகை வரும்போது புடவை கட்டுவதற்குத் தயாராக இருக்கும்.